பலப்பம் தின்னும் பிள்ளையும் பாக்கெட் வாங்கும் பிள்ளையும்

வாசகர் கடிதம்

பென்னாகரம் பக்கம் ஓர் ஈராசிரியர் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியையாக இருக்கிறேன். இரண்டாம் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் சேர்த்து என்னிடம் 27 பிள்ளைகள். பாதிப் பேருக்கு அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலை. தாத்தா பாட்டியிடம் வளர்கிறார்கள். போன மாதம் சூழ்நிலையியல் பாடவேளையில் ஒரு வாரம் முழுக்க ஊட்டச்சத்து நடத்தினேன். மாவுச்சத்து, புரதம், கொழுப்பு, வைட்டமின், தாது உப்பு என்று சார்ட் எழுதி மாட்டினேன். பிள்ளைகள் பாட்டாகவே ஒப்பிக்கிறார்கள். ஆனால் காலை உப்புமாவில் இருக்கும் கேரட்டையும் பீன்ஸையும் பொறுக்கித் தட்டின் ஓரம் ஒதுக்குகிறார்கள். மணி அடித்ததும் எதிர்க் கடையில் அஞ்சு ரூபாய் பாக்கெட். ஒரு பையன் வீட்டுக்குப் போய், "டீச்சர் தினமும் பாலும் ஆப்பிளும் சாப்பிடச் சொன்னாங்க" என்று அழுதிருக்கிறான். அவன் அம்மா பள்ளிக்கே வந்து, "எங்களால முடிஞ்சதத்தான டீச்சர் போடறோம்" என்றார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. பல்லில் காவி படிந்த பிள்ளைகளை நன்றாகத் துலக்கச் சொல்லியும் மாற்றமில்லை. ஒரு பெண் பலப்பத்தை ஒளித்து ஒளித்துத் தின்கிறாள். இரண்டு அடி கொடுத்தும் விடவில்லை. இந்த வயசுப் பிள்ளைகளுக்குச் சத்தான சாப்பாட்டைப் பற்றி எப்படித்தான் சொல்லிக்கொடுப்பது?

ஓர் ஆசிரியை, பென்னாகரம் வட்டம்

பதில்

அன்புள்ள டீச்சருக்கு,

போகிற போக்கில் கடைசியாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, பலப்பம் தின்னும் பெண்ணைப் பற்றி, அதிலிருந்து தொடங்குகிறேன். மற்றதெல்லாம் ஒரு மாதம் பொறுக்கும், இது பொறுக்காது. பலப்பம், சுவர்ச் சுண்ணாம்பு, மண், பச்சை அரிசி என்று தின்னத் தோன்றுவது பல நேரம் இரும்புச்சத்துக் குறைவோடு சேர்ந்து வருவது. அவள் பிடிவாதம் பிடிக்கவில்லை. அவள் உடம்பு கேட்கிறது. அடிப்பதை விட்டுவிடுங்கள். அவள் வீட்டில் பேசி இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போய் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். 5 முதல் 11 வயதுப் பிள்ளைக்கு அது டெசிலிட்டருக்கு 11.5 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. மருத்துவர் இரும்புச்சத்து மருந்தும், வேண்டுமென்றால் குடற்புழு மாத்திரையும் தருவார். மருந்து உள்ளே போகத் தொடங்கிச் சில வாரங்களில் பலப்ப ஆசை தானாக அடங்குவதை நான் பல பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறேன். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு அரசு வாரம் ஒன்று கொடுக்கும் இளஞ்சிவப்பு மாத்திரை ரத்தசோகை வராமல் காக்கும் அளவுதான். வந்துவிட்ட பிள்ளைக்கு அது மட்டும் போதாது. மருத்துவர் சொல்லும் அளவு வேறு.

அடுத்தது பல். அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் வகுப்பில் சில பிள்ளைகள் செய்யாத குற்றத்துக்குத் தினமும் பேச்சு வாங்குகிறார்கள். நம் தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு தண்ணீரே இல்லாத இடத்திலும் 1.5-ஐத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. அதற்கு மேல் உள்ள ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளரும் பிள்ளைக்கு, ஈறுக்குள் பல் உருவாகும்போதே கறை விழுந்துவிடுகிறது. முளைத்த பிறகு எந்தப் பற்பொடியால் தேய்த்தாலும் அது போகாது. கரியும் செங்கல் தூளும் போட்டுத் தேய்த்து ஈறைப் புண்ணாக்கிக்கொண்டு வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். துலக்கச் சொல்லுங்கள், ஆனால் காவியைக் காட்டித் திட்டாதீர்கள். தண்ணீரைக் காய்ச்சினாலும் ஃபுளோரைடு போகாது என்பதைப் பெற்றோருக்குச் சொல்லுங்கள். 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இந்தப் பாதிப்பைக் குறைப்பதற்காகத்தான். உங்கள் ஊரில் எந்தக் குழாயில் ஒகேனக்கல் தண்ணீர், எந்தக் குழாயில் போர்த் தண்ணீர் என்று பிள்ளைகளோடு ஒருநாள் தெருவில் நடந்து பாருங்கள். 'இது குடிக்க, இது குளிக்க, துவைக்க' என்று அவர்களே படம் வரையட்டும். சந்தேகமான குழாயின் நீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் சோதித்துக் கேட்கலாம். என்னைக் கேட்டால், நம் மாவட்டத்துப் பிள்ளைக்கு உணவுப் பாடத்தின் முதல் நாள் தண்ணீரில்தான் தொடங்க வேண்டும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

மாவுச்சத்து, தாது உப்பு என்பதெல்லாம் ஏழு வயதுப் பிள்ளைக்கு வெறும் சத்தம். பார்க்க முடியாது, தொட முடியாது, மோந்து பார்க்க முடியாது. ஒப்பிக்கச் சொன்னால் ஒப்பிப்பார்கள். அந்தச் சொல்லுக்கும் தட்டில் கிடக்கும் பீன்ஸுக்கும் உறவு இருப்பதாக அவர்களுக்குத் தோன்றாது. நான்காம், ஐந்தாம் வகுப்பில் அந்தப் பெயர்கள் வரட்டும். இப்போதைக்கு ஒரு கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு பாடத்தைத் திட்டமிடுங்கள்: இந்தப் பிள்ளையின் கையில் என்ன இருக்கிறது?

பால் வாங்குவது அவன் கையில் இல்லை. ஆப்பிள் வாங்குவதும் இல்லை. ரேஷன் கடைக்குப் போவதும், ராத்திரி என்ன குழம்பு என்று முடிவு செய்வதும் இல்லை. தட்டில் விழுந்த காயைத் தின்பதா ஒதுக்குவதா என்பது இருக்கிறது. பாட்டி கொடுக்கும் அஞ்சு ரூபாய் இருக்கிறது. கை கழுவுவது, எந்தக் குழாயில் தண்ணீர் பிடிப்பது, சோற்றோடு டீயும் வேண்டும் என்று அடம்பிடிப்பது, இவ்வளவுதான். பாடத்தை இதற்குள் வைத்தால் பிள்ளை செய்வான். இதைத் தாண்டினால் செய்ய முடியாத ஒன்றைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போவான். உங்கள் மாணவன் அழுதது அதனால்தான். அவன் உங்களை நம்பினான், வீட்டில் அது இல்லை, இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டான்.

இதில் நானும் தவறு செய்திருக்கிறேன். இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒரு பள்ளியில் ஒவ்வொரு பிள்ளையாக எழுப்பி, "காலையில என்ன சாப்பிட்ட?" என்று கேட்டுக் கரும்பலகையில் எழுதினேன். ஒரு பையன் இட்லி, வடை, கேசரி என்றான். மறுநாளும் போனேன், மறுநாளும் கேசரி. மூன்றாம் நாள் அந்த வகுப்பு டீச்சர் என்னைத் தனியாக அழைத்து, "அவன் வீட்ல காலைல அடுப்பே பத்த வைக்கறதில்லைங்க" என்றார். அம்மா விடிவதற்கு முன்பே பூப்பறிக்கப் போய்விடுவாராம். அன்றைக்கு மாவட்டத்தில் காலை உணவுத் திட்டம் கிடையாது. அந்தப் பையன் மூன்று நாள் வெறும் வயிற்றோடு நின்று எனக்காகக் கேசரியைக் கற்பனை செய்து சொல்லியிருக்கிறான். அதற்குப் பிறகு வகுப்பில் நான் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. நீங்களும் கேட்க வேண்டாம். டப்பாவைத் திறந்து காட்டச் சொல்வது, எல்லோர் முன்னாலும் எடை பார்த்து "நீ ஒல்லி, நீ குண்டு" என்பது, இவை எதுவுமே வேண்டாம். சில வீட்டில் மாட்டுக்கறி, சில வீட்டில் பன்றிக்கறி, சில வீட்டில் ஈசல், சில வீட்டில் புரட்டாசி முழுக்க முட்டைகூட இல்லை. எந்த வீட்டுச் சாப்பாட்டையும் கெட்டது, அசிங்கம் என்ற சொல்லோடு சேர்க்காமல் இந்தப் பாடத்தை நடத்த முடியும். உங்கள் வாயிலிருந்து வரும் ஒரு சொல் அந்தப் பிள்ளை வீட்டு அடுப்படிவரைக்கும் போகும்.

அப்படியானால் எதை வைத்து நடத்துவது? உங்கள் பள்ளியிலேயே பாடப்புத்தகம் இருக்கிறது. காலையில் உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ சாம்பாரோடு, மதியம் சோறு, வாரத்தில் 5 நாள் முட்டை. 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த காலை உணவும், 1982-இலிருந்து நடக்கும் சத்துணவும் சேர்ந்து உங்கள் 27 பேருக்கும் ஒரே தட்டைத் தருகின்றன. பணக்கார வீட்டுத் தட்டு, ஏழை வீட்டுத் தட்டு என்ற பேதம் இதில் இல்லை. ஆகவே இந்தத் தட்டைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், யாருக்கும் நோகாது.

காயை ஒதுக்குவதற்குத் திட்டிப் பயனில்லை. 'சாப்பிட்டால் சாக்லேட் தருவேன்' என்பது அதைவிட மோசம். சாக்லேட்தான் பரிசு, காய் ஒரு தண்டனை என்று பிள்ளை சரியாகவே புரிந்துகொள்வான். புதிய ருசிக்கு நாக்கு பழக எட்டு, பத்து, சில பிள்ளைகளுக்குப் பதினைந்து தடவைகூட ஆகும். மூன்றாம் தடவையில் நாம் கைவிட்டுவிடுகிறோம். நான் ஆசிரியர்களுக்குச் சொல்லும் வழி இதுதான். வாரம் ஒரு காயை எடுத்துக்கொள்ளுங்கள், சத்துணவில் அந்த வாரம் வரப்போகும் காயையே. திங்கட்கிழமை முழு கேரட்டை வகுப்புக்குக் கொண்டுவாருங்கள், தழையோடு கிடைத்தால் இன்னும் நல்லது. கையில் கொடுங்கள். எத்தனை விரல் நீளம்? ஒடித்தால் என்ன சத்தம்? நடுவில் என்ன நிறம்? மண் வாசனை வருகிறதா? செவ்வாய்க்கிழமை நன்றாகக் கழுவி மெல்லிசாக நறுக்கி ஆளுக்கொரு துண்டு. பிடிக்கவில்லையென்றால் காகிதத்தில் துப்பிவிடலாம் என்ற அனுமதியை முதலிலேயே கொடுத்துவிடுங்கள். துப்பலாம் என்று தெரிந்த பிள்ளைதான் வாயில் போடத் துணிகிறான். 'நல்லா இருக்கா?' என்று கேட்காதீர்கள், 'எப்படி இருக்கு?' என்று கேளுங்கள். இனிப்பு, துவர்ப்பு, நறுக்கு நறுக்கு, தண்ணியா இருக்கு என்று அவர்கள் சொல்லும் சொற்களைக் கரும்பலகையில் எழுதினால் அதுவே அன்றைய தமிழ்ப் பாடம். புதன்கிழமை அதே காய் சாம்பாரில் வரும்போது தேடுவார்கள். ஒதுக்கினால் ஒதுக்கட்டும், அடுத்த மாதம் அதே கேரட் திரும்ப வரட்டும்.

கூடவே ஒன்று: அவர்களோடு உட்கார்ந்து, அதே உப்புமாவை, அதே காயோடு நீங்களும் இரண்டு வாய் சாப்பிடுங்கள். இந்த வயதில் பிள்ளைகள் டீச்சரின் வாயைத்தான் பார்ப்பார்கள். சமைக்கும் அக்காவிடம் பேசி, பீன்ஸைப் பொறுக்கி எடுக்க முடியாத அளவுக்குப் பொடியாக நறுக்கச் சொல்லலாம்தான், ஆனால் ஒளித்து ஊட்டுவதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. பிள்ளைக்கு அது பீன்ஸ் என்று தெரிந்து, தெரிந்தே தின்றால்தான் பாடம்.

அந்த அம்மாவுக்கு வருவோம். அவரை மறுபடி பார்க்கும்போது, பாலும் ஆப்பிளும் கட்டாயமில்லை என்று நீங்களே சொல்லிவிடுங்கள். சும்மா ஆறுதலுக்காகச் சொல்லச் சொல்லவில்லை, கணக்கே அப்படித்தான். 100 கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து ஏறக்குறைய 350 மில்லிகிராம். அதே அளவு வெள்ளை அரிசியில் அது 10-ஐ எட்டுவதே பெரிது. பசும்பாலில் 100 மில்லிக்கு 120-ஐ ஒட்டி. ஆப்பிளில் வைட்டமின் சி 100 கிராமுக்கு ஐந்து மில்லிகிராமைத் தாண்டுவதில்லை. வேலியோரக் கொய்யாவில் 200-க்கு மேல். ராத்திரி களி உருண்டையும் கொள்ளுச் சாறும், அல்லது களியும் கீரைக் கடைசலும் போடும் வீட்டில் குழந்தைக்குக் குறை வைக்கவில்லை என்று அந்த அம்மாவிடம் நேராகச் சொல்லுங்கள். நம் ஊரில் களி சாப்பிடுவதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, சோற்றுக்கு மாறிய குடும்பங்கள் எத்தனையோ. 2023-இல் நீலகிரியோடு நம் தருமபுரி மாவட்டத்தையும் தேர்ந்தெடுத்து, ரேஷன் கடையில் அரிசியில் 2 கிலோவுக்குப் பதில் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். வாங்கி மாட்டுக்கு வைப்பவர்களும் இருக்கிறார்கள். பள்ளியில் களிக்கு ஒரு மரியாதை கிடைத்தால் அது மாறும்.

அந்த மரியாதையைப் பேசிக் கொடுக்க முடியாது, செய்து காட்டுங்கள். ஒரு கைப்பிடி கேழ்வரகை மாலையில் ஊறப் போடச் சொல்லுங்கள். மறுநாள் காலை வடித்து ஈரத்துணியில் முடிந்து வகுப்பு மூலையில் தொங்கவிடுங்கள். ஒன்றிரண்டு நாளில் வெள்ளை முளை விடும். துணியில் தண்ணீர் தெளிக்கும் வேலைக்கு அடிதடியே நடக்கும், முறை போட்டுக்கொள்ளுங்கள். முளைவிட்டால் அதிலுள்ள இரும்பும் சுண்ணாம்பும் உடம்பில் சேர்வது எளிதாகிறது என்பது உங்களுக்குத் தெரிந்தால் போதும். பிள்ளைகளுக்கு, 'தூங்கிக்கிட்டிருந்த விதை முழிச்சிக்கிச்சு' என்பது போதும். கொஞ்சத்தைப் பள்ளிக்குப் பின்னால் ஆடியில் தூவினால், ஏறக்குறைய நான்கு மாதத்தில் விரல் மடக்கியது போலக் கதிர் வரும். கடையில் விற்கும் மால்ட் பவுடர் எதிலிருந்து வருகிறது என்று நீங்கள் சொல்லவே வேண்டாம், அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

டீ விஷயத்தையும் இங்கேயே சேர்த்துவிடுகிறேன். சோற்றோடும் களியோடும் டீ குடித்தால் அந்தச் சாப்பாட்டிலுள்ள இரும்பு உடம்பில் சரியாகச் சேராமல் போகிறது. டீத்தூளிலும் ஃபுளோரைடு இருப்பதால் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது இரட்டை நட்டம். சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேர இடைவெளி என்றால் பாட்டிகள் கேட்டுக்கொள்கிறார்கள். டீயே கூடாது என்றால் கேட்பதில்லை.

பாக்கெட் விஷயத்துக்கு மூன்றாம் வகுப்புக் கணக்கே போதும். பல பயிற்சிகளில், சிப்ஸைக் காகிதத்தில் தேய்த்து எண்ணெய்க் கறையைக் காட்டச் சொல்லித் தருகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். நிலக்கடலையை நசுக்கினாலும் அதே கறைதான் வரும். ஒரு புத்திசாலிப் பிள்ளை அதைச் செய்து பார்த்துவிட்டால் கடலையும் கெட்டதாகிவிடும். அதற்குப் பதிலாக அஞ்சு ரூபாய் பாக்கெட்டின் மேல் எழுதியிருக்கும் எடையைப் படிக்கச் சொல்லுங்கள். உள்ளே இருப்பதைக் கிண்ணத்தில் கொட்டுங்கள். பக்கத்தில் அதே அஞ்சு ரூபாய்க்குச் சந்தையில் வாங்கிய வறுத்த கடலை. எது வயிறு நிறையும்? காற்றுக்கு எவ்வளவு காசு கொடுத்தோம்? அவ்வளவு கேட்டால் போதும். வகுப்பில் யாருக்காவது கடலை தின்றால் தடிப்போ மூச்சுத் திணறலோ வருமா என்று மட்டும் வீட்டில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

மாம்பழ ஜூஸ் புட்டியை வைத்து இன்னொரு பாடம். கிருஷ்ணகிரித் தோப்புகளின் பெங்களூரா மாங்காய் பெரும்பகுதி கூழ் ஆலைகளுக்குப் போகிறது. அந்தக் கூழ்தான் சர்க்கரையும் தண்ணீரும் சேர்ந்து புட்டியில் திரும்பி வருகிறது. பழக்கூழ் எத்தனை சதவீதம், சர்க்கரை எத்தனை கிராம் என்று லேபிளிலேயே இருக்கும். 5 கிராமுக்கு ஒரு டீஸ்பூன் என்று கணக்குப் போட்டு, அத்தனை ஸ்பூன் சர்க்கரையை ஒரு தம்ளரில் பிள்ளைகளே எண்ணி எண்ணிப் போடட்டும். பக்கத்தில் ஒரு மாம்பழம். நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

கடைக்காரரைப் பகைத்துக்கொள்ளாதீர்கள், அவரும் அதே ஊர்தான். பள்ளியைச் சுற்றி 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டம் விற்கக் கூடாது என்று 2020-லேயே உணவுப் பாதுகாப்பு விதி வந்திருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அவரையும் கூப்பிட்டு விதியைப் படித்துக் காட்டி, கடலை மிட்டாய், பொரி உருண்டை, அவித்த கடலை, கொய்யா வைக்கச் சொல்லிக் கேட்டுப்பாருங்கள். விற்கும் என்று தெரிந்தால் வைப்பார்.

உங்கள் பிள்ளைகள் பாதிப் பேர் பாட்டியிடம் வளர்வதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பாடத்துக்கு அதைப்போல வசதி கிடையாது. தொய்யக்கீரை எது, பண்ணைக்கீரை எது, எதைக் கலந்தால் கடைசல் கசக்காது என்பதெல்லாம் அந்தப் பாட்டிகளுக்குத் தெரியும். உங்களுக்கும் எனக்கும் முழுசாகத் தெரியாது. மழை பெய்து நாலு நாள் கழித்து ஒரு பாட்டியை வகுப்புக்கு அழையுங்கள். பிள்ளைகளோடு வரப்பில் நடந்து ஐந்து கீரையைக் காட்டட்டும். முழங்கால் வலிக்கும் பாட்டியென்றால் கீரையைப் பறித்துக்கொண்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தே சொல்லட்டும். அவருக்குத் தெரிந்த பெயரையே நோட்டில் எழுதுங்கள். அந்தப் பாட்டியின் பேரன் அன்றைக்கு எப்படி உட்கார்ந்திருப்பான் என்று பாருங்கள்.

சுவரிலிருக்கும் சார்ட்டைக் கிழிக்க வேண்டாம். அதன் மேலேயே பிள்ளைகள் வரைந்த படங்களை வாரம் ஒன்றாக ஒட்டிக்கொண்டு வாருங்கள்: தெருக் குழாய், கேரட், முளைவிட்ட கேழ்வரகு, கீரை, கொய்யா. மார்கழி பிறந்ததும் அவரைக்கொட்டை வந்துவிடும். ஒரு படி ஊற வைத்துக் கொண்டுவந்தால் பிதுக்குப் பருப்பு உரிக்க உங்களிடம் 27 ஜோடிக் கைகள் இருக்கின்றன. தோல் பிதுங்கிப் பருப்பு துள்ளி ஓடும், வகுப்பு முழுக்கத் தேடுவார்கள். சத்துணவு அமைப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் அன்றைய குழம்பில் அதையும் சேர்த்துப் போடலாம். அன்றைக்கு யார் தட்டில் பருப்பு மிஞ்சியது, யார் தட்டில் மிஞ்சவில்லை என்று எனக்கு எழுதுங்கள். அதற்கு முன்னால், பலப்பம் தின்னும் அந்தப் பெண்ணுக்கு ஹீமோகுளோபின் எவ்வளவு என்று ஒரு வரி எழுதிப்போடுங்கள்.